பாலூ தம்பி எழுத்துருவில் குழந்தைகள் கடைக்கு ஒரு பெயர்ப்பலகை

பொம்மைக் கடை, மழலையர் பள்ளி, நூலகத்தில் கதைநேரம் என எதற்காவது தமிழில் தலைப்பு வடிவமைக்க வேண்டுமா? குண்டாக, முனைகளெல்லாம் உருண்டு இருக்கிற எழுத்துரு கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. என் தேர்வு பாலூ தம்பி 2. மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழுவின் படைப்பு. இதே குடும்பத்தில் வேறு இந்திய மொழிகளுக்கும் எழுத்துருக்கள் உண்டு: குஜராத்திக்கு பாய், பஞ்சாபிக்கு பாஜி, மலையாளத்துக்கு சேட்டன். நமக்குத் தம்பி. ஆங்கில எழுத்துகளும் அதிலேயே இருப்பதால் இருமொழிப் பலகைக்கு ஜோடி தேடி அலைய வேண்டாம்.

பயிற்சிக்கு ‘துறுதுறு சிட்டு’ என்று ஒரு கற்பனைப் பொம்மைக் கடையை வைத்துக்கொள்வோம். வரைவதற்கான மென்பொருள் இங்க்ஸ்கேப், எழுத்துருவைப் போலவே அதுவும் இலவசம்தான்.

1. இறக்கி நிறுவுதல்

கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் தேடி இறக்குங்கள். ஜிப்பை விரித்ததும் ‘ஸ்டாட்டிக்’ ஃபோல்டர் இருந்தால், அதற்குள் இருக்கும் கோப்புகளையே நிறுவுங்கள். தொடக்கத்தில் அதுதான் எளிது. விண்டோஸில் வலது க்ளிக் செய்து ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் போதும். இங்க்ஸ்கேப் ஏற்கெனவே திறந்திருந்தால் மூடித் திறக்கவும். உரிமம் பற்றிக் கவலை வேண்டாம்: ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருவதால் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

2. தட்டச்சு

யூனிகோடில் அடியுங்கள். தமிழ்99, ஒலிபெயர்ப்பு என எந்த விசைப்பலகை என்றாலும் சரி. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்து வைத்ததை ஒட்டினால் புரியாத குறிகள்தான் வரும்.

இரண்டு சொற்களையும் ஒரே பெட்டியில் அடிக்காமல், தனித்தனிப் பொருளாக அடியுங்கள். ஏன் என்பது நான்காம் படியில்.

3. தடிமன்

ரெகுலரிலிருந்து எக்ஸ்ட்ராபோல்ட் வரை ஐந்து தடிமன்கள். குழந்தைகள் சமாச்சாரம் என்றதும் எல்லோரும் எக்ஸ்ட்ராபோல்டுக்குத்தான் ஓடுகிறார்கள். பெரிய பலகைக்கு அது அழகு. ஆனால் அதே பெயர் விசிட்டிங் கார்டிலும் பில்லிலும் வரும். சிறிய அளவில் ற, ண, ஞ போன்றவற்றின் உள்வெளி, அதாவது கோடுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம், அடைத்துக்கொள்ளும். நம் பெயரில் ‘று’ இரண்டு முறை வருகிறது. அதனால் பலகைக்கு எக்ஸ்ட்ராபோல்ட், அட்டைக்கு செமிபோல்ட் என்று பிரித்துக்கொள்ளலாம்.

4. வரிகளை அடுக்குதல்

தமிழ்த் தலைப்பு பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான். மேல்வரியில் ‘துறுதுறு’, கீழ்வரியில் ‘சிட்டு’ என்று வையுங்கள். மேலே உள்ள நான்கு எழுத்துகளும் கோட்டுக்குக் கீழே வால் விடுகின்றன. கீழே சி-யின் வளைவும் ட்-டின் புள்ளியும் மேலே எழும்புகின்றன. ஆங்கிலத் தலைப்பைப் போல நெருக்கினால் வாலும் புள்ளியும் ஒட்டிக்கொண்டு, எது எந்த எழுத்தோடது என்றே தெரியாது. பயந்துபோய் நிறைய இடம் விட்டாலோ, இரண்டு வேறு கடைகளின் பெயர் மாதிரி இருக்கும்.

தனித்தனியாக அடிக்கச் சொன்னது இதற்காகத்தான். கீழ்வரியைத் தேர்ந்தெடுத்து, அம்புக்குறி விசைகளால் மேலே நகர்த்திக்கொண்டே வாருங்கள். ஏதாவது உரசப் போகிறது என்றால் இடமோ வலமோ கொஞ்சம் தள்ளுங்கள். புள்ளி இரண்டு வால்களுக்கு நடுவே உள்ள சந்தில் போய் உட்காரட்டும். நட்டநடுவில் இல்லையே என்று வருந்த வேண்டாம். விளையாட்டுத்தனமான எழுத்துக்கு அந்தக் கோணல் பொருந்தும்.

வரிக்குள் எழுத்து இடைவெளியை மட்டும் தொடாதீர்கள். ‘பொம்மை’ போன்ற சொல்லில் இடைவெளியைக் கூட்டினால், சில மென்பொருள்களில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நிற்கும்.

5. நிறமும் வெளிக்கோடும்

எழுத்தே குதூகலமாக இருக்கும்போது நிழல், மினுக்கு, வானவில் எல்லாம் வேண்டுமா? இரண்டு நிறம் தாராளம். மஞ்சள் எழுத்து, கருநீல வெளிக்கோடு என்று வைத்துக்கொள்வோம். கோட்டை எழுத்தின் மேலேயே போட்டால் புள்ளியையும் உள்வெளியையும் தின்றுவிடும். இப்படிச் செய்யுங்கள்: எழுத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+டி அழுத்தினால் நகல் கிடைக்கும். அந்த நகலுக்கு நீலத்தில் தடித்த கோடு கொடுத்து, எண்ட் விசையால் அடியில் தள்ளுங்கள். கோட்டின் ‘ஜாயின்’ அமைப்பை ‘ரவுண்ட்’ ஆக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் உருண்டை எழுத்தைச் சுற்றி ஆங்காங்கே கூர்முனை துருத்தும்.

6. அச்சுக்குக் கொடுத்தல்

ஃப்ளெக்ஸ் கடைக் கணினியில் இந்த எழுத்துரு இருக்கும் என்று நம்பாதீர்கள். முதலில் கோப்பை ஒரு பிரதி எடுத்து வையுங்கள், பிறகு எழுத்து மாற்ற அதுதான் உதவும். அப்புறம் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுங்கள். எழுத்தெல்லாம் வெறும் வடிவமாகிவிடும். எந்தக் கணினியில் திறந்தாலும் கொம்பு இடம் மாறாது. பிடிஎஃப்பாகச் சேமித்து அனுப்புங்கள். அனுப்பும் முன் அதையே தீப்பெட்டி அளவில் ஒரு தாளில் அச்சிட்டு, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் படியுங்கள். ‘று’ இரண்டும் தெளிவாகத் தெரியவில்லை என்றால் மூன்றாம் படிக்குத் திரும்ப வேண்டும்.