சைகை மொழி ஆவணப்படம் தேடுவோர் விடும் பிழைகள்

போன மாதம் விசுவமடுவிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். செப்டெம்பர் 23, சர்வதேச சைகை மொழிகள் தினத்துக்குத் தங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் படம் போட வேண்டுமாம். போனில் இறக்கி வைத்திருந்ததை எல்லாம் காட்டினார். அதில் பாதிக்கு மேல் நான் முதன்முதலில் படம் போடத் தொடங்கியபோது இறக்கியவைதான். அதே பியானோ இசை, அதே அழுகிற தாய்மார்.

காது கேட்காத தம்பியோடு வளர்ந்தவள் நான். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவுப் பக்கத்திலும் இப்படியான பிள்ளைகளின் பெற்றோருக்குப் படம் போட்டுக் காட்டிப் பல வருடமாகிறது. ‘ஊமை’ என்று சொல்லக்கூடாது என்பது போன்ற எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களும் விடுகிற பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

கதைப்படத்தை ஆவணப்படம் என்று நினைப்பது

காது கேளாத குடும்பம் ஒன்றைப் பற்றிய ‘கோடா’ என்ற அமெரிக்கப் படம் நல்ல படம். அதில் காது கேளாதவர்களாக வரும் மூவரும் உண்மையிலேயே காது கேளாத நடிகர்கள். ஆனால் அது கதை.

‘முதன்முறையாகக் காது கேட்ட குழந்தை’

இந்த வீடியோவைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். உங்களுக்கும் வந்திருக்கும்: தாயின் மடியில் குழந்தை, காதருகே கருவி. யாரோ பொத்தானை அழுத்துகிறார்கள், குழந்தை திடுக்கிட்டுச் சிரிக்கிறது, தாய் அழுகிறாள். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

நான் இதைத் தருமபுரம் பக்கத்தில் ஒரு கூட்டத்தில் போட்டேன். நான்கு வயதுப் பிள்ளையோடு வந்திருந்த ஒரு தாய், “அக்கா, அதை இன்னொருக்காப் போடுங்கோ” என்றாள். போட்டேன். மூன்றாம் தரமும் கேட்டாள். அதற்கும் போட்டேன்.

பிறகு அவள் காப்பை அடகு வைத்துக் கொழும்புக்குப் போய்வரத் தொடங்கினாள். அது கூடப் பரவாயில்லை. கருவி பூட்டினால் பிள்ளை கதைக்கும், அதுவரைக்கும் கையைப் பழக்கக்கூடாது என்று யாரோ சொல்ல, வீட்டில் சைகையை நிறுத்திவிட்டாள். ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனபோது என் கண்ணால் பார்த்தேன். பிள்ளை தண்ணீருக்குக் கையைக் குவித்து வாயருகே கொண்டுபோனது. தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை சுற்றிப் போய் மறுபக்கம் நின்று, திரும்பவும் கையைக் குவித்தது.

அந்த வீடியோவில் வருவது கொக்லியர் கருவி, அறுவைச் சிகிச்சை செய்து காதுக்குள் பொருத்துவது. அது வேலை செய்ய உள்ளே செவி நரம்பு இருக்க வேண்டும். ஒலியை மின்துடிப்பாக்கி அந்த நரம்புக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை. இந்தப் பிள்ளைக்கு அந்த நரம்பு சரியாக வளரவில்லை என்று கடைசியில் ஸ்கேனில் தெரிந்தது. அதற்குள் இரண்டு வருடம் போய்விட்டது. ஆறு வயதில் அந்தப் பிள்ளையிடம் பேச்சும் இல்லை, சைகையும் இல்லை. மொழி பிடிக்கிற வயது அது. போன வருடங்களைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது.

நான் கருவிக்கு எதிரி இல்லை. பலருக்கு அது பயன்படுகிறது. ஆனால் பொத்தானை அழுத்திய பிறகு வருடக்கணக்கில் பயிற்சி இருக்கிறது, அதை அந்த ஒரு நிமிட வீடியோ காட்டுவதில்லை. அதற்குப் பதில் ‘சவுண்ட் அண்ட் ஃபியூரி’ (2000) என்ற படத்தைத் தேடுங்கள். அமெரிக்காவில் அண்ணன் தம்பி இருவர், ஒருவருக்குக் காது கேட்கும், மற்றவருக்குக் கேட்காது. இரு வீட்டிலும் காது கேளாத பிள்ளைகள். கருவி பொருத்துவதா வேண்டாமா என்று முழுக் குடும்பமும் சண்டை பிடிக்கிறது. ஒருவரையும் வில்லனாக்காத படம். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். ஆறு வருடம் கழித்துத் தொடர்ச்சி ஒன்று வந்தது. முதல் படத்தில் கருவி மறுக்கப்பட்ட சிறுமி ஹெதர், அதில் கருவியோடும் இருக்கிறாள், சைகையோடும் இருக்கிறாள். இரண்டையும் ஒரே நாளில் போட்டால்தான் பெற்றோருக்குச் சரியான கேள்விகள் வரும். ‘ஹியர் அண்ட் நவ்’ (2007) இன்னொன்று. பிறவியிலேயே காது கேளாத தன் பெற்றோர் 65 வயதில் கருவி பொருத்திக்கொண்டதை மகளே படமாக்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்த சத்தத்தோடு அவர்கள் படும் பாட்டைப் பார்த்தால், பொத்தான் வீடியோவைத் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

கை தெரியாத படம்

ஒரு படத்தைத் தெரிவு செய்ய முன் முதல் பத்து நிமிடத்தைச் சத்தமில்லாமல் பாருங்கள். என் தம்பி கைதடியில் காது கேளாதோர் பாடசாலை விடுதியில் இருந்து படித்தவன். நான் பெருமையாகக் காட்டிய ஒரு படத்தில், எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தான். அங்கே ஒரு பெண்ணின் முகம் மட்டும் இருந்தது. முழங்கைக்குக் கீழே எல்லாம் சட்டத்துக்கு வெளியே. அவள் சொன்னதைப் பின்னணிக் குரல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. காது கேட்கிறவர்களுக்காக எடுத்த படம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நிக்கோலா ஃபிலிபேர் 1992இல் எடுத்த ‘காது கேளாதோரின் நாட்டில்’ என்ற பிரெஞ்சுப் படத்தில் இந்தக் குறை இல்லை. தொடக்கத்திலேயே நால்வர் இசைக்குழு போல நின்று கைகளால் நிகழ்த்துகிறார்கள். மண்டபத்தில் சின்னப் பிள்ளைகள் உடனே கையைத் தூக்கிச் செய்து பார்த்தார்கள்.

தேடும் சொல்

‘ஹியரிங் இம்பெயர்ட்’ (செவிப்புலன் குறைபாடுள்ளோர்) என்று தேடினால் வைத்தியர்தான் வருவார். ‘டெஃப் கல்ச்சர்’ (காது கேளாதோர் பண்பாடு) என்று தேடுங்கள், மனிதர்கள் வருவார்கள்.

உலகம் முழுக்க ஒரே சைகை என்று நம்புவது

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பேசுவது ஆங்கிலம், ஆனால் இரண்டு ஊர்ச் சைகை மொழிகளும் வேறு வேறு. அமெரிக்கச் சைகை பிரெஞ்சுச் சைகையோடுதான் உறவு. எழுத்துகளை விரலால் காட்டும் விரலெழுத்து கூட அமெரிக்காவில் ஒரு கையால், இங்கிலாந்தில் இரண்டு கையால். படத்தில் பார்த்த அமெரிக்க எழுத்துகளை ஒரு முன்பள்ளி ஆசிரியை பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டார். பாவம், நல்ல மனதோடுதான் செய்தார். பிறகு விடுதிப் பாடசாலைக்குப் போன பிள்ளை அங்கே எல்லாவற்றையும் மாற்றிப் படிக்க வேண்டியிருந்தது. படம் போட முன் இது எந்த நாட்டுச் சைகை என்று சொல்லிவிடுங்கள்.

எல்லோரையும் ஒரே கூட்டமாக்குவது

வன்னியில் போரின்போது செல் (எறிகணை) விழுந்து காது போனவர்கள் இருக்கிறார்கள். தமிழ் பேசி வளர்ந்தவர்கள் அவர்கள். சைகை மொழிப் படம் அவர்களுக்கும் அந்நிய மொழிப் படம்தான். அவர்களுக்கு எழுத்து வேண்டும், பிறவியிலேயே கேளாத பிள்ளைகளுக்குக் கை வேண்டும். அழைப்பு வைக்கும்போதே யார் வருகிறார்கள் என்று கேளுங்கள்.

சோகத்தை மட்டும் தேடுவது

‘டெஃப் பிரசிடென்ட் நவ்!’ (2025) என்ற படத்தை இயக்கிய இருவரில் ஒருவரான நைல் டிமார்கோ காது கேளாதவர். வாஷிங்டனில் 1864இல் தொடங்கிய கலோடெட் பல்கலைக்கழகம் காது கேளாதோருக்கானது. ஆனால் 124 வருடமாக அதற்குக் காது கேளாத தலைவர் ஒருவர் கூட வரவில்லை. 1988 மார்ச்சில் மாணவர்கள் வாயிற்கதவுகளைப் பூட்டினார்கள். ஒரு வாரத்தில் காது கேளாத ஐ. கிங் ஜோர்டன் தலைவரானார். காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கொட்டகை போட்டு வீதியோரம் வருடக்கணக்கில் இருந்த தாய்மார் உள்ள மண்ணில் இந்தப் படத்துக்கு விளக்கம் தேவைப்படாது. சங்கத்துப் பெண்கள் வசனத்தை வாசிக்காமலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இயக்கியவர் யார் என்று பாராதது

படத்தை எடுத்தவர்களில் காது கேளாதவர் யாராவது இருக்கிறார்களா என்று கடைசிப் பெயர்ப் பட்டியல் வரைக்கும் பாருங்கள்.

விளக்கை அணைப்பது

வேண்டாம். ஓர் ஓரத்துக் குமிழாவது எரியட்டும். இருட்டில் அவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு எப்படிக் கதைப்பார்கள்?