பூசாரி நெருப்பிலேயே நின்றுவிட்டார்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயில் தீமிதியை அக்கா மகன் கைப்பேசியில் வீடியோ எடுத்துத் தந்தான். அம்மாவுக்குக் காட்டலாம் என்று என் 2011ஆம் ஆண்டு மடிக்கணினியில் போட்டேன். உறுமி மேளம் ஒழுங்காகக் கேட்கிறது; பூசாரி மட்டும் ஒரு காலைத் தூக்கியபடி நெருப்பின் மேலேயே நிற்கிறார். "ஐயோ, கால் வெந்துடுமேடா!" என்றார் அம்மா.

விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் திறந்தும் பயனில்லை. டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் பிராசசர் 100 சதவீதம். அப்புறம்தான் கோப்பின் விவரத்தைப் பார்த்தேன்: 4கே, எச்.265. எச்.265 என்பது வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறை; 2013இல் வந்தது. என் பழைய சிப்பில் அதை விரித்துக் காட்டும் வன்பொருள் கிடையாது. முழுச் சுமையும் பிராசசர் தலையில். ராம் கூட்டச் சொன்ன கடைக்காரர் பேச்சைக் கேட்டிருந்தால் காசுதான் போயிருக்கும்.

வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில், பழைய முறையான எச்.264, 4கேயைவிடச் சிறிய 720பி அளவு என்று கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பூசாரி விறுவிறுவென நடந்து பால் குழிக்குள் இறங்கினார். அக்கா மகன் கைப்பேசியிலும் வீடியோ பதிவை எச்.264க்கு மாற்றி வைத்தாயிற்று.