கடை கொடுத்த மிக்ஸியும் கொடுக்காத கணக்கும்

திருச்சி என்.எஸ்.பி. ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில், மிக்ஸி செக்‌ஷனில் 14 வருஷம் 7 மாதம் நின்றேன். நிஜமாகவே நின்றேன். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021இல்தான். எங்களுக்கு வந்த ஸ்டூல்களில் அட்டைப்பெட்டி அடுக்கினார்கள்.

2022இல் ஆடித் தள்ளுபடி முடிந்த மறுநாள் முதலாளி கூப்பிட்டார். "நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிம்மா" என்று ஆரம்பித்தபோதே வயிற்றைக் கலக்கியது. வேலையிலிருந்து நிறுத்தத்தான் கூப்பிட்டிருந்தார். மேஜை மேல் 25,000 ரூபாய் கவர், ஒரு மிக்ஸி பெட்டி, ஒரு வெள்ளைத்தாள். "கீழே ஒரு கையெழுத்து மட்டும் போடும்மா, மேலே கணக்குப்பிள்ளை எழுதிக்குவார்."

கவரைத் தொடவில்லை. தாளில் கையெழுத்தும் போடவில்லை. தேதி எழுதாமல் சீல் மட்டும் குத்திய வாரண்டி கார்டை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் கவுண்டரில் படும் பாட்டைத் தினமும் பார்த்தவள் நான். மிக்ஸியை மட்டும் வாங்கிக்கொண்டேன். அழுதுகொண்டிருந்தேன், கையில் திணித்தார்கள்.

முதலில் மிக்ஸி வாங்கும்போது எதையெல்லாம் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன், அது சுலபம். பெட்டியின் டேப்பைப் பாருங்கள். ஒரு டேப்பின் மேல் இன்னொன்று ஒட்டியிருந்தால் பெட்டி ஏற்கெனவே திறக்கப்பட்டது, பெரும்பாலும் டிஸ்பிளே பீஸ். எனக்குக் கொடுத்ததும் அப்படித்தான். நாலு மாதம் நானே டெமோ காட்டிய மிக்ஸி. திருகு பக்கத்தில் என் வளையல் உரசிய கோடுகூட அப்படியே இருந்தது.

அடுத்து, கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வாட்ஸ், வோல்டேஜ் இருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது என்று தெரிந்துவிடும். வாட்ஸ் விஷயத்தில் பயமுறுத்துவார்கள், நானும் பயமுறுத்தியிருக்கிறேன். மூன்று பேர் உள்ள வீட்டில் சட்னிக்கும் மசாலாவுக்கும் 500 போதும். மாவும் மிக்ஸியில்தான் என்றால் 750.

காலி ஜாரை ஓட்டிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எந்த மோட்டாரும் காலி ஜாரில் சாதுவாகத்தான் ஓடும். பாதி ஜார் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ஓட்டி முடித்ததும் அந்த ஜாரைச் செய்தித்தாள் மேல் பத்து நிமிஷம் வையுங்கள். தாளில் ஈர வட்டம் விழுந்தால் பிளேடுக்கு அடியில் உள்ள புஷ் சரியில்லை. இன்றைக்குச் சொட்டும் தண்ணீர் நாளைக்கு மோட்டாருக்குள் இறங்கும். ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் தேய்ந்தால் கவலை வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம். மிக்ஸி திடீரென நின்றுவிட்டாலும் உடனே மெக்கானிக்கிடம் ஓடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்சம் ஆறவிட்டு, அடியில் இருக்கும் சின்ன பட்டனை அழுத்திப் பாருங்கள். அதிகச் சுமையில் அது தானாக வெளியே வந்திருக்கும்.

"மோட்டாருக்கு 5 வருஷம் வாரண்டி" என்று சொன்னால் ஜாருக்கும் கப்ளருக்கும் எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு பிராண்டை நாங்கள் விழுந்து விழுந்து புகழ்ந்தால், அந்த மாதம் அந்தக் கம்பெனி இன்சென்டிவ் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம்.

நமக்கு வர வேண்டியது பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. பத்து பேர் வேலை பார்க்கும் கடையில் 5 வருஷம் முடித்திருந்தால் அது உங்கள் பணம். நீங்களாக ராஜினாமா செய்திருந்தாலும் உண்டு. "இப்ப எட்டு பேர்தானேம்மா" என்றார் கணக்குப்பிள்ளை. ஒரு முறை சட்டத்துக்குள் வந்த கடை, ஆள் குறைந்தாலும் வெளியே போக முடியாது.

அப்போது எனக்குப் போட்ட கணக்கு இப்படி: கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தோடு பஞ்சப்படியைக் கூட்டி 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்க வேண்டும். எனக்கு 13,000. வகுத்தால் 500, பெருக்கினால் 7,500. ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருஷம் என்பதால் என் 14 வருஷம் 7 மாதம், 15 ஆகிவிட்டது. மொத்தம் 1,12,500. அந்தக் கவரில் இருந்தது அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னொன்று. கடையில் ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்தக் கூடாது என்கிறது 1947ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் சட்டம். வெள்ளைத்தாளில் "நானே விலகுகிறேன்" என்று எழுதிக்கொண்டால் இந்தப் பேச்சே எடுக்க முடியாது. அவசரம் அதற்குத்தான்.

எனக்கு வேலை உத்தரவு என்று எதுவும் இல்லை. இ.எஸ்.ஐ. அட்டையும் பி.எஃப். பாஸ்புக்கும் சேர்ந்த தேதியைக் காட்டின. பேங்க் பாஸ்புக்கில் சம்பளம் மாதாமாதம் ஏறியிருந்தது. வேலையில் இருக்கும்போதே இவற்றுக்கு நகல் எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள். பணிக்கொடை கேட்கும் 'ஐ' (I) படிவத்தை நிரப்பி முதலாளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன், ஒப்புகை அட்டையோடு. 30 நாளில் பணம் தர வேண்டும், தாண்டினால் வட்டி. பதில் வராததால் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் முறையிடும் 'என்' (N) படிவம் கொடுத்தேன். வக்கீல் வைக்கவில்லை. 2025 நவம்பரில் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டதால் இப்போது எந்தப் படிவம் என்று அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 15/26 கணக்கு அதேதான்.

மூன்றாவது வாய்தாவில் தொகையை ஒத்துக்கொண்டார்கள். ஆனால் கணக்குப்பிள்ளை விடவில்லை: "சார், இந்தம்மாவுக்கு ஒரு மிக்ஸி கொடுத்திருக்கோம், அதுக்கு 3,200 கழிச்சுக்கணும்."

அதிகாரி நிமிர்ந்தார். "பில் இருக்கா?"

இல்லை. டிஸ்பிளே பீஸுக்கு யார் பில் போடுவார்கள்? முழுத் தொகைக்குச் செக் வாங்கிக்கொண்டு வந்தேன். புஷ் மட்டும் மாற்றிவிட்டு, அந்த மிக்ஸியில்தான் இன்றும் அரைக்கிறேன்.