தண்ணீருக்கு மேல் கட்டுமான வேலையா? முதலில் படகைப் பாருங்கள்

பாலத் தூணோ படகுத்துறையோ, ஆள் தண்ணீரில் விழுந்தால் யார், எதில் போய்த் தூக்குவது என்பதை வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். லைஃப் ஜாக்கெட் ஆளை மிதக்க வைக்கும்; கரை சேர்க்காது. கீழே உள்ள அளவுகள் அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா சொல்பவை.

1. மீட்புப் படகு ஒன்றாவது தண்ணீரில் தயாராக நிற்க வேண்டும், அல்லது ஒரே ஆள் சட்டென்று தண்ணீரில் இறக்கும்படி இருக்க வேண்டும். கரையில் கவிழ்த்துப் போட்ட படகு கணக்கில் சேராது. விழுந்தவரை 3, 4 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தாக வேண்டும். நீரோட்டம் இருந்தால் துடுப்பை நம்பாதீர்கள், இன்ஜின் வேண்டும். ஓட்டத் தெரிந்தவர் யார் என்று பெயர் குறித்து வையுங்கள். அவரையே கான்கிரீட் போட அனுப்பிவிடாதீர்கள்.

2. கயிறு கட்டிய மிதவை வளையங்களை 200 அடிக்கு மிகாத இடைவெளியில் மாட்டுங்கள். கயிறு குறைந்தது 90 அடி. வளையத்தை ஆளுக்கு அப்பால் எறிந்து, கயிறு அவர் கைக்கு எட்டும்படி இழுக்க வேண்டும். தலையைக் குறிவைத்து எறிந்தால் அடிதான் படும்.

3. ஜாக்கெட்டைப் போடும் முன்பும் கழற்றிய பின்பும் பாருங்கள். வார் அறுந்திருக்கிறதா, பக்கிள் பூட்டுகிறதா, துணி கிழிந்திருக்கிறதா? உள்ளே இருக்கும் நுரையை விரலால் அழுத்துங்கள். அமுங்கியது மீண்டு எழவில்லை என்றால் ஒதுக்கிவிடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் அதையே மணையாகப் போட்டு உட்காருவதுதான் நுரையைக் கெடுக்கிறது. ஹார்னஸ் (விழாமல் பிடிக்க உடலில் மாட்டும் வார்க்கட்டு) போடுபவர் அதன் மேல் ஜாக்கெட்டை அணியலாம், ஹார்னஸின் முதுகு வளையம் வெளியே வரும் திறப்பு ஜாக்கெட்டில் இருந்தால் மட்டும்.

4. விழவே வழியில்லாதபடி எல்லா நேரமும் தடுப்பு இருந்தால் ஜாக்கெட் தேவையில்லை என்கிறது ஓஷா. ஆனால் படகு அப்போதும் வேண்டும். வலை கட்டினாலும் பொதுவாக ஜாக்கெட் வேண்டும். சான்பிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பாலத்தின் அடியில் கட்டிய வலை 19 பேரைக் காப்பாற்றியது. அதே வலையை 1937 பிப்ரவரியில் சாரம் ஒன்று அறுத்துக்கொண்டு விழுந்ததில் 10 பேர் இறந்தார்கள்.

5. ஒத்திகை பாருங்கள். பழைய ஜாக்கெட் ஒன்றை மணல் மூட்டையில் கட்டி, மிதக்கிறதா என்று பார்த்துத் தண்ணீரில் தள்ளி, படகு போய்த் தூக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். 4 நிமிடத்தைத் தாண்டினால் படகை வேலையிடத்துக்கு நெருக்கமாகக் கட்டி வையுங்கள், அல்லது இன்னொரு படகு கேளுங்கள்.