பின்னணி நீக்கிய படங்கள்: எடையைக் கூட்டும் தவறுகள்

மதுரை தெற்கு மாசி வீதியில் இருக்கும் ஒரு சுங்குடிக் கடைக்கு இணையப் பக்கம் அமைத்துக் கொடுத்தேன். சேலைகளைப் படம் எடுத்து, பின்னணியை வெட்டி, எல்லாவற்றையும் பி.என்.ஜி. (PNG) என்ற பட வடிவத்தில் சேமித்து வைத்திருந்தார்கள். “தம்பி, அப்படியே ஏத்துங்க, பி.என்.ஜி.தான் தரமா இருக்கும்” என்றார் கடைக்காரர். நானும் ஏற்றிவிட்டேன். வீட்டு வைஃபையில் பக்கம் சட்டென்று திறந்தது. மறுநாள் திருமங்கலம் போகும் பேருந்தில் கைப்பேசியில் திறந்து பார்த்தால், சேலை மேலிருந்து கீழே துண்டு துண்டாக இறங்குகிறது. ஒரு படம் 6 எம்.பி. அதே சேலையை, திரையில் தெரிகிற அளவில், 90 கே.பி.க்குள் அடக்க முடிந்தது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே நடக்கும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, தேவை இருக்கிறதா என்று பார்க்காமலே பின்னணி இல்லாத படத்தைப் பயன்படுத்துவது. பக்கத்தின் நிறமே வெள்ளை என்றால், வெட்டிய சேலையை வெள்ளையின் மேல் வைத்து, புகைப்படங்களுக்கு வழக்கமான ஜேபெக் (JPEG) வடிவத்தில் சேமித்தால் போதும். பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. படம் வேறு வேறு நிறங்களின் மேலோ, இன்னொரு படத்தின் மேலோ உட்கார வேண்டும் என்றால்தான் பின்னணி இல்லாமல் இருக்க வேண்டும். ஒன்று கவனியுங்கள்: பக்கம் சந்தன நிறமாக இருந்தால், படத்திலும் அதே சந்தனத்தை நிரப்பிச் சேமிக்கும்போது நிறம் இம்மியளவு மாறி, படத்தைச் சுற்றி ஒரு கட்டம் தெரியக்கூடும். சுத்த வெள்ளையில் அந்தத் தொல்லை குறைவு. இருள் நிறப் பக்கத்துக்கு மாறும் வசதி தளத்தில் இருந்தால் இந்த வழி சரிவராது.

அடுத்தது, பி.என்.ஜி. என்றால் தரம் என்ற நம்பிக்கை. பி.என்.ஜி. ஒரு தகவலையும் இழக்காமல் சுருக்கும் வடிவம். 1996ல் வந்தது. படத்தின் மிகச் சிறு துணுக்கான ஒரு பிக்சலுக்குப் பக்கத்துப் பிக்சல் எப்படி இருக்கும் என்று கணித்து, திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கி எழுதுவதுதான் அதன் வேலை. கணினியில் வரைந்த கோலமோ, கடையின் பெயர்ப் பலகையோ என்றால் ஒரே நிறம் நீளமாக ஓடும். கோப்பு அழகாகச் சுருங்கும். சுங்குடிச் சேலையின் புகைப்படம் அப்படியில்லை. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கிற துணி அது. ஒரு புள்ளியைப் போல் இன்னொரு புள்ளி இருக்காது. நூலின் நெசவும் மடிப்பின் நிழலும் கேமரா தானாகச் சேர்க்கும் மெல்லிய மணல் போன்ற இரைச்சலும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. திரும்ப வருவது எதுவுமே இல்லாத இடத்தில் பி.என்.ஜி. எதைச் சுருக்கும்? மீனாட்சி அம்மன் கோயில் கோபுரத்தை வெட்டி எடுத்த படங்கள் பிரம்மாண்டமாக வந்து நிற்பதும் இதே காரணத்தால்தான்.

பின்னணி இல்லாமலும் இருக்க வேண்டும், புகைப்படமாகவும் இருக்க வேண்டும் என்றால் வெப்பி (WebP) என்ற வடிவத்துக்குப் போங்கள். ஜேபெக்கைப் போலத் தகவலைக் குறைத்துச் சுருக்கும். பின்னணி இல்லாத பகுதியையும் வைத்துக்கொள்ளும். கூகுள் இதை 2010ல் அறிவித்தது. 2020ல் சஃபாரியும் ஏற்றுக்கொண்ட பிறகு, முக்கிய உலாவிகள் எல்லாமே வெப்பி படத்தைக் காட்டுகின்றன. பழைய கைப்பேசியில் திறக்காதோ என்று பயந்து பி.என்.ஜி.யிலேயே நிற்க இப்போது பெரிய காரணமில்லை.

வெப்பியிலும் நான் ஒரு தவறு செய்தேன். சிவப்புத் துணியில் மஞ்சள் புள்ளி போட்ட சேலை. சேமிக்கும்போது கேட்கும் தர எண்ணை 90க்கு ஏற்றியும் புள்ளிகளின் ஓரம் கலங்கியே இருந்தது. தகவலைக் குறைக்கும் வகை வெப்பி, நிறத் தகவலை அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி என்றுதான் சேமிக்கும்; வெளிச்ச வேறுபாட்டை மட்டும் முழுதாக வைத்துக்கொள்ளும். முகத்திலும் வானத்திலும் இது தெரியாது. சின்னச் சின்னப் புள்ளிகளில் பளிச்சென்ற இரு நிறங்கள் முட்டிக்கொள்ளும் இடத்தில் தெரிந்துவிடும். தர எண்ணை இன்னும் ஏற்றினால் எடைதான் கூடும். ‘ஷார்ப் ஒய்.யு.வி.’ என்ற தெரிவை இயக்கினால் ஓரம் ஓரளவு தெளியும். அதுவும் போதவில்லையென்றால், நிறத்தை முழு அளவில் வைக்க இடம் தரும் ஏ.வி.ஐ.எஃப். வடிவத்தை முயலலாம். ஸ்க்வூஷ் என்ற இலவசக் கருவியில் மூலத்தையும் சுருக்கியதையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்; படம் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. சுங்குடியோ கண்டாங்கியோ, துணி விற்கும் யாரும் இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் விடக்கூடாது. வாங்குபவர் பார்ப்பதே அந்த ஓரத்தைத்தான்.

இனி அளவு. ஃபிளெக்ஸ் கடையில் பழகியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “டி.பி.ஐ. எவ்வளவு?” அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று சொல்லும் எண் அது. இணையத்தில் அதற்கு வேலையே இல்லை. 300ஐ 72 ஆக்கினாலும், பிக்சல் எண்ணிக்கை மாறாதவரை கோப்பு குறையாது. பார்க்க வேண்டியது அகலமும் உயரமும்தான். 400 பிக்சல் அகலத்தில் தெரியும் படத்துக்கு, நுண்மையான கைப்பேசித் திரைகளை நினைத்து 800 வைத்தால் போதும். 3000 × 4000 படத்தை அப்படியே வைத்தால் 1 கோடியே 20 லட்சம் பிக்சல். ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம், படம் விரியும்போது கைப்பேசியின் நினைவகத்தில் ஏறத்தாழ 48 எம்.பி. பிடிக்கும். கோப்பு எவ்வளவு சுருங்கியிருந்தாலும் இது குறையாது. சேலையைச் சுற்றி விட்ட வெற்று ஓரத்துக்கும் இதே கணக்குதான்: கோப்பில் அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, நினைவகத்தில் முழு இடம். ஓரத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

சின்னங்கள், பித்தளை விளக்கின் வரைபடம் போன்றவற்றுக்கு பி.என்.ஜி.யே சரி. அங்கே 256 நிறத்துக்குள் அடக்கினால் எடை வெகுவாகக் குறையும். ‘அப்படிச் செய்தால் ஓரம் பல்லைக் காட்டும்’ என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஜிஃப் வடிவத்தில் அது உண்மை. அங்கே ஒரு பிக்சல் தெரியும் அல்லது தெரியாது, நடுநிலை கிடையாது. பி.என்.ஜி.யில் அந்த 256 நிறங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பாதி தெரிவது, கால்வாசி தெரிவது என்று கொடுக்கலாம். சில பழைய மென்பொருள்கள் இதைச் செய்யாததால் வந்த கெட்ட பெயர் அது. பி.என்.ஜி.குவான்ட் (pngquant) என்ற கருவி ஒழுங்காகச் செய்கிறது. மெல்லிய நிழலை மட்டும் படத்தோடு சேர்க்காதீர்கள். 256 நிறத்தில் நிழல் பட்டை பட்டையாகப் பிரியும். நிழலை, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சி.எஸ்.எஸ்.ஸின் (CSS) டிராப் ஷேடோவால் போட்டால் அது உருவத்தின் ஓரத்தையே பின்பற்றி விழும், படத்துக்கும் சுமையில்லை. சின்னத்தின் மூல வரைபடம் கையில் இருந்தால் படத்தைப் பிக்சலாக இல்லாமல் கோடுகளாக எழுதிவைக்கும் எஸ்.வி.ஜி. (SVG) வடிவம் இன்னும் நல்லது. பி.என்.ஜி. படத்தை எஸ்.வி.ஜி.க்குள் பொதிந்து வைப்பது மட்டும் வேண்டாம். எடை மூன்றில் ஒரு பங்கு கூடுவதுதான் மிச்சம்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு தவறும் உண்டு. பின்னணியை நீக்கியபின் அந்த இடம் காலியாகத் தெரிந்தாலும், பழைய நிறங்கள் கோப்புக்குள் அப்படியே இருக்கலாம். ‘இந்தப் பிக்சலைக் காட்டாதே’ என்ற குறிப்பு மட்டுமே மேலே ஏறியிருக்கும். எடையும் குறையாது, குறிப்பை எடுத்துவிட்டால் பின்னால் இருந்ததை யாரும் பார்க்கலாம். நான் திறந்து பார்த்த ஒரு படத்தில் சேலைக்குப் பின்னால் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து இதைச் சரிபார்க்காமல் ஒரு படத்தையும் ஏற்றுவதில்லை. கிம்ப் மென்பொருளில் பி.என்.ஜி.யாக ஏற்றுமதி செய்யும்போது, தெரியாத பிக்சல்களின் நிறத்தைச் சேமிக்கச் சொல்லும் தெரிவு ஒன்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள்.

அப்புறம், வெட்டிய படத்தை வாட்ஸாப்பில் சாதாரணப் புகைப்படமாக அனுப்பச் சொல்லாதீர்கள். ஜேபெக்காக மாறி, வெள்ளையோ கறுப்போ ஒரு பின்னணியோடு வந்து சேரும். அதைத் திரும்ப பி.என்.ஜி.யாக மாற்றினாலும் போன பின்னணி போனதுதான். மறுபடி வெட்ட வேண்டும், ஓரமும் கெடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே சுருக்குங்கள்.