நீல் தீவில் அவசரமின்றித் தங்கும் வழி

அந்தமானுக்குச் செல்வோரில் பெரும்பாலோர் நீல் தீவை அரை நாளில் பார்த்து முடித்துவிடுகிறார்கள். காலைப் படகில் வந்து இறங்கி, வாடகை வண்டியில் மூன்று கடற்கரைகளைச் சுற்றிவிட்டு, மாலைப் படகில் அருகிலுள்ள ஹேவ்லாக் தீவுக்கோ அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேருக்கோ திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்ப்பவர்களுக்கு இந்தத் தீவு தன்னிடமுள்ள நல்லவற்றில் பாதியைக்கூடக் காட்டுவதில்லை. இங்கே எது எப்போது காணக் கிடைக்கும் என்பதை முடிவு செய்வது பயணத் திட்டம் அல்ல. கடலின் ஏற்றமும் வற்றமும்தான். முதுகுப் பையோடு தனியாகவோ நண்பர் ஒருவரோடோ சென்று, குறைந்தது நான்கு இரவுகள் தங்கி, ஒரு நாளைக்கு ஒரே வேலை என்று வைத்துக்கொள்வதே இத்தீவுக்குப் பொருத்தமான முறை. அதை எப்படிச் செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் பயணச்சீட்டு எடுக்கும்போதே குழப்பம் வரும். 2018 டிசம்பரில் நீல் தீவுக்கு ஷஹீத் துவீப் என்றும், ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் துவீப் என்றும் பெயர் மாற்றினார்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆனது. சீட்டுகளிலும் அறிவிப்புகளிலும் புதிய பெயர்களைக் காணலாம்; மக்கள் பேச்சில் இன்னும் பழைய பெயர்களே வழங்குகின்றன. நீல் என்ற பெயர் தமிழர்களுக்குப் புதியதும் அல்ல. 1857 எழுச்சியைக் கொடூரமாக அடக்கிய ஜேம்ஸ் நீல் என்ற பிரிட்டிஷ் படைத்தலைவரின் சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றிருந்தது. அதை அகற்றக் கோரி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது. 1937இல் ராஜாஜி தலைமையிலான அரசு அதை எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. அவர் பெயரைத் தாங்கிய தீவும் பெயர் மாறியதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் வழி கேட்கும்போது எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பதால் இக்கட்டுரையில் பழைய பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். கப்பலும் உண்டு, ஏறத்தாழ மூன்று நாள் கடலில் இருக்க வேண்டும், புறப்படும் நாள்களும் மாதத்துக்குச் சிலவே. நேரம் தாராளமாக உள்ளவர்கள் மட்டும் அதை எண்ணிப் பார்க்கலாம். போர்ட் பிளேரிலிருந்து நீல் தீவு 37 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அரசுப் படகில் இரண்டு மணி நேரம் ஆகும், கட்டணம் குறைவு. தனியார் விரைவுப் படகுகள் ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் சேர்த்துவிடும், கட்டணம் பல மடங்கு அதிகம். அரசுப் படகில் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்பதால், இடம் கிடைத்தால் அதையே எடுங்கள். ஆனால் அது தீவு மக்கள் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் போய்வரும் வண்டி என்பதை மறக்கக் கூடாது. மூட்டையோடும் குழந்தையோடும் வருபவர்களுக்கு இருக்கையை விட்டுக்கொடுப்பது நம் கடமை. அடையாள அட்டையின் அசலைக் கையில் வைத்திருங்கள். இந்தியக் குடிமக்கள் நீல் தீவுக்குச் செல்லத் தனி அனுமதி பெற வேண்டியதில்லை.

செல்லத் தகுந்த காலம் பிப்ரவரியும் மார்ச்சும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரித் தொடக்கத்திலும் கூட்டம் மிகுதி, வாடகையும் உயர்ந்துவிடும். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் கடல் கொந்தளித்துப் படகுகள் அடிக்கடி நிறுத்தப்படும். அக்டோபர், நவம்பரில் புயல் அச்சம் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் கடல் அமைதியாக இருப்பதால் நீருக்கு அடியில் பார்வையும் தெளிவாகக் கிடைக்கிறது.

தங்குவதற்கு விலையுயர்ந்த விடுதிகளும் உண்டு, எளிய குடில்களும் உண்டு. முதுகுப் பையோடு வருபவருக்கு மூங்கிலும் மரப்பலகையும் கொண்டு கட்டிய குடிலோ, ஊர்க்காரர் வீட்டில் வாடகைக்கு விடும் அறையோ போதும். கூட்டமில்லாத மாதங்களில் முதல் இரவுக்கு மட்டும் அறையை உறுதி செய்துகொண்டு, மற்ற இரவுகளுக்கு நேரில் பார்த்து முடிவு செய்வது நல்லது. அறையைப் பார்க்கும்போது மூன்றைச் சோதியுங்கள்: கொசுவலையில் ஓட்டை இருக்கிறதா, குளியல் நீர் உப்புக் கரிக்கிறதா, மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு உண்டா. வாசலில் இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய தொங்குபடுக்கை இருந்தால், அந்த அறைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் தவறில்லை. பகலின் பெரும்பகுதி அதில்தான் கழியும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். இந்தக் கடலில் ஒரு நாளில் இரண்டு முறை ஏற்றமும் இரண்டு முறை வற்றமும் வரும். ஒவ்வொரு நாளும் அவை ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று காலை 6 மணிக்கு நீர் முழுமையாக வற்றுகிறது என்றால், நாளை 6.50க்கு, அடுத்த நாள் 7.40க்கு, நான்காம் நாள் 8.30க்கு வற்றும். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாள்களில் கடல் வெகுதூரம் உள்வாங்கும். அஷ்டமி வாக்கில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வேறுபாடு குறைவு. எனவே புறப்படும் முன் வீட்டு நாட்காட்டியில் திதியைப் பார்த்துக்கொண்டாலே பாதித் திட்டம் முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு, தீவில் இறங்கியவுடன் விடுதிக்காரரிடம் அன்றைய வற்றம் எத்தனை மணிக்கு என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒவ்வொரு நாளைக்கும் நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு எதற்கு என்றால், தீவின் மேற்கே லக்ஷ்மண்பூரின் இரண்டாம் கடற்கரையில் உள்ள இயற்கைப் பாலத்தை வற்றத்தின்போது மட்டுமே அடைய முடியும். கடல் அரித்தெடுத்த பாறை வளைவு அது. ஊரார் அதை ஹௌரா பாலம் என்கிறார்கள். நீர் உச்சமாக வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போய்ச் சேர்ந்து, வற்றிய பின் ஒரு மணி நேரத்துக்குள் திரும்புவது பாதுகாப்பானது. வழி முழுவதும் கூர்மையான பவளப்பாறையும் வழுக்கும் பாசியும் இருப்பதால், வார் உள்ள, அடி தடித்த செருப்பு கட்டாயம் வேண்டும். வந்தவர்களில் பலர் வளைவுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாமல், பாறைக் குழிகளில் தேங்கிய நீரின் ஓரம் குந்தி அமர்ந்து அசையாமல் பாருங்கள். முதலில் வெறும் மணலும் கல்லும்தான் தெரியும். சற்று நேரத்தில், கல் என்று நினைத்த கரிய உருளை ஒன்று மெல்ல நகர்வதைக் கண்டு அது கடல் அட்டை என்று அறிவீர்கள். ஒரு பிளவிலிருந்து மெலிந்த, மயிரடர்ந்த கரங்கள் இரண்டு வெளியே வந்து நீரைத் துழாவும்; உங்கள் நிழல் விழுந்தவுடன் உள்ளே இழுத்துக்கொள்ளும். அது நட்சத்திர மீனுக்கு உறவான நொறுங்கு நட்சத்திரம் (brittle star). காலிச் சங்குகளுக்குள் குடியேறிய நண்டுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகும். நுழைவிடத்தில் உள்ளூர் வழிகாட்டிகள் இருப்பார்கள். எந்தக் குழியில் எது இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும் என்பதால் ஒருவரை அமர்த்திக்கொள்வது நல்லது. ஆனால் எந்த உயிரையும் கையில் எடுத்துக் காட்டும்படி கேட்காதீர்கள். அவர்களே எடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நீராடுவதற்கு இதற்கு நேர்மாறான கணக்கு. படகுத்துறைக்கு அருகிலேயே இருக்கும் பரத்பூர் கடற்கரையில் நீர் வற்றிய நேரத்தில் இறங்கினால் முழங்கால் அளவு நீரில் பவளத்தின்மேல்தான் கால் வைக்க நேரும். காலும் கிழியும், பவளமும் உடையும். ஏற்றத்தை ஒட்டிய நேரத்தில் இறங்கினால் மிதந்தபடியே கீழே பார்க்கலாம். நீர்க்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் சொந்தமாகக் கொண்டுவந்தால், வாடகைக் கடையின் நேரத்துக்குக் கட்டுப்படாமல் உங்கள் விருப்பப்படி இறங்கலாம். முழுக்கைச் சட்டை அணிந்து நீரில் இறங்குங்கள். வெயிலில் இருந்து அது உடம்பைக் காக்கும், பவளத்துக்குக் கேடு செய்யும் களிம்புகளைப் பூசும் தேவையும் குறையும். இந்தத் தீவைச் சுற்றியுள்ள கடற்புல் பரப்புகளில் கடற்பசு மேய்வதுண்டு. பாக் நீரிணை மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் அதே விலங்குதான்; அந்தமான் நிகோபாரின் மாநில விலங்கும் அதுவே. அதைக் காண்பது அரிது. கண்டால் துரத்தாமல், ஒதுங்கி நின்று போகவிடுங்கள்.

அந்தமான் கடலோரங்களில் உவர்நீர் முதலைகளும் உண்டு. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும், ஓடைகள் கடலில் கலக்கும் இடங்களிலும், இருட்டிய பிறகும் நீரில் இறங்கவே கூடாது. தனியாகச் செல்பவர் எந்தக் கடற்கரைக்குப் போகிறார், எப்போது திரும்புவார் என்பதை விடுதியில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

நம் கடிகாரப் பழக்கத்தையும் இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். நீல் தீவு சென்னையைவிட வெகு கிழக்கே இருக்கிறது, நேரமோ ஒன்றே. அதனால் சூரியன் சென்னையைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாக உதித்து, அதே அளவு முன்னதாக மறைகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணி வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும். ஏழு மணிக்கு எழுந்து பழகியவர் அந்தப் பழக்கத்தோடு இங்கே இருந்தால் நாளின் மிக நல்ல இரண்டு மணி நேரத்தைத் தூக்கத்தில் இழப்பார். இரவு ஒன்பது மணிக்குப் படுத்து, ஐந்து மணிக்கு முன் எழுவதே இங்குள்ள ஒழுங்கு.

முதல் நாளே மிதிவண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். படகுத்துறையை ஒட்டிய கடைத்தெருவில் கிடைக்கும். எடுக்கும் முன் பிரேக்கையும் காற்றையும் பாருங்கள். ஸ்கூட்டரும் உண்டு என்றாலும், படகுத்துறையிலிருந்து கிழக்கு முனையான சீதாப்பூர் 5 கிலோமீட்டர், மேற்கே லக்ஷ்மண்பூர் 2 கிலோமீட்டர் என்ற அளவுள்ள தீவுக்கு மிதிவண்டியே போதும். ஒரு நாள் விடியும் முன், கைவிளக்கோடு சீதாப்பூருக்குப் புறப்படுங்கள். வயல்களையும் பாக்குத் தோப்புகளையும் கடந்து செல்லும் அந்தச் சாலையில் அந்நேரம் அநேகமாக நீங்கள் மட்டுமே இருப்பீர்கள். சூரிய உதயத்தைக் காண அதுவே இடம். அங்கே அலை வலுவாக இருப்பதால் நீந்த வேண்டாம். மறைவைக் காண லக்ஷ்மண்பூரின் முதல் கடற்கரைக்குப் போகலாம். ராம்நகர் கடற்கரையில் கூட்டம் குறைவு. படிக்கப் புத்தகம் இருந்தால் அங்கே செல்லுங்கள்.

காலை பத்து மணி முதல் மூன்று மணி வரை ஒரு நாள் பயணிகள் கடற்கரைகளை நிறைத்திருப்பார்கள். அந்நேரத்தில் நீங்கள் நிழலில் இருங்கள்: உண்ணுங்கள், உறங்குங்கள், துணி துவையுங்கள். ஓய்வுக்கென்று வந்தவருக்கு வெயில் உச்சியில் இருக்கும் அந்த ஐந்து மணி நேரத்தை விட்டுக்கொடுப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

உணவுக்குக் கடைத்தெருவின் சிறு கடைகளே சிறந்தவை. 1960களில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள் இத்தீவில் குடியமர்த்தப்பட்டன. காட்டைத் திருத்தி அவர்கள் உண்டாக்கிய நிலத்திலிருந்துதான் போர்ட் பிளேர் சந்தைக்கு இன்றும் காய்கறி போகிறது. ஆகவே சோறு, பருப்பு, கடுகெண்ணெயில் சமைத்த மீன் குழம்பு, அன்று பறித்த காயில் செய்த பொரியல் என்று வங்காளச் சாப்பாடு எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கும். கடுகெண்ணெயின் காரம் முதல் நாள் நம் நாக்குக்கு ஒத்துப்போகாமல் இருக்கலாம். இரண்டாம் நாள் பழகிவிடும். மீன் சாப்பாடு வேண்டுமானால் காலையிலேயே கடையில் சொல்லிவைப்பது வழக்கம். இந்தி தெரிந்தால் போதும். வங்காள மொழியில் இரண்டு வார்த்தை பேசினால் முகம் மலர்வார்கள்.

பையில் அதிகம் வேண்டாம். இரண்டு மாற்றுடை, ஒரு கைலி, கைவிளக்கு, கொசுக் களிம்பு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், காயத்துக்கு மருந்து, சொந்தத் தண்ணீர்க் குடுவை ஆகியவை போதும். அந்தி சந்தி வேளைகளில் ஈர மணலில் மணல் ஈக்கள் கடிக்கும். காலில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு, விரிப்பின்மேல் உட்கார்ந்தால் கடி குறையும். கடித்த இடத்தைச் சொறிந்தால் புண்ணாகிப் பல நாள் தொல்லை தரும். பணத்தை ரொக்கமாகக் கொண்டுவாருங்கள், தீவில் ஏ.டி.எம். இருந்தாலும் எப்போதும் பணம் இருக்கும் என்று நம்பி வரக் கூடாது, கைபேசி இணைப்பு மெலிவாக இருப்பதால் இணையவழிப் பணமும் சில நேரம் போகாது. ஆரம்பச் சுகாதார நிலையம் உண்டு. அதற்கு மேற்பட்ட சிகிச்சைக்குப் போர்ட் பிளேர் போக வேண்டும் என்பதால், வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளைச் சில நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள்.

திரும்பும் ஏற்பாட்டில் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கடல் சீறினால் முன்னறிவிப்பின்றிப் படகுகள் நிற்கும். ஆகவே விமானம் புறப்படும் நாளிலேயே நீல் தீவிலிருந்து கிளம்பும்படி திட்டமிடாமல், ஓர் இரவு முன்னதாகப் போர்ட் பிளேர் வந்துவிடுங்கள். புறப்படும் முன் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். பவளத்தை எடுத்துச் செல்வது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விமான நிலையச் சோதனையில் பவளத் துண்டும் சிப்பியும் பிடிபடும். குழந்தைகளோ உடன் வந்தவரோ ஆசையாகப் பொறுக்கியது ஏதேனும் இருந்தால், படகு ஏறும் முன் பரத்பூர் மணலிலேயே திரும்ப வைத்துவிட்டுச் செல்லுங்கள். நீங்கள் கொண்டுவந்த பிளாஸ்டிக் உறைகளையும் காலிப் புட்டிகளையும் அதே பையில் போட்டு, உங்களோடு திரும்ப எடுத்துச் செல்லுங்கள்.