249 கிராம் என்று நம்பியிருந்தேன்

பெட்டியில் 249 கிராம் என்று போட்டிருந்தது. அதனால் என் ட்ரோனுக்குப் பதிவு தேவையில்லை என்றே இருந்துவிட்டேன். பல நாடுகளில் 250 கிராம்தான் எல்லைக்கோடு; அதைத் தாண்டினால் விதிகள் கூடும்.

ஒரு நாள் டிஜிட்டல் தராசில் வைத்துப் பார்த்தால் 304 காட்டியது! கணக்கில் வருவது பறக்கும்போது உள்ள மொத்த எடை. நான் மாட்டியிருந்த பெரிய பேட்டரி, சுழலும் இறக்கைகளைச் சுற்றிய காப்பு, ஒட்டிய விளக்கு எல்லாமே அதில் சேரும் என்பது அப்போதுதான் உறைத்தது.

முதலில் பழைய பேட்டரிக்கே திரும்பினேன். அப்படியும் 250-க்குள் வரவில்லை. காப்பையும் விளக்கையும் கழற்றினால் வந்துவிடும்தான். ஆனால் பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் வெறும் இறக்கையோடு பறக்கவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. எடையைக் காட்டிலும் சுழலும் இறக்கைதான் விரலை வெட்டும். சரி, முறைப்படி பதிவே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். இணையத்தில் படிவம், அப்புறம் விதிமுறைகள் பற்றிய சிறு தேர்வு. கிடைத்த பதிவு எண்ணை வெளியே தெரியும்படி ட்ரோனின் உடலில் ஒட்டினேன்.

இப்போது எந்தப் பாகத்தை மாற்றினாலும், பேட்டரியோடு சேர்த்து எடை போட்ட பிறகே மேலே ஏற்றுகிறேன்.